செய்கூலி அவங்களுக்கு, சேதாரம் நமக்கா?

(தென்சென்னை, மத்திய சென்னை ஐடி விங் இளைஞர் பயிற்சி வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். சேவ் பண்ணி வச்சுக்கிட்டு பொறுமையா படிங்க.)



தி.நகர்ல கூட்டத்தை வச்சுட்டு நகையைப் பத்திப் பேசாம ஆரம்பிச்சா சாமி குத்தம் ஆயிடும். உஸ்மான் ரோட்டுல எந்தக் கடைக்குள்ள போனாலும் நம்ம வீட்டுப் பெண்கள் கேட்கிற முதல் கேள்வி என்ன? "செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு?" தங்கத்தோட விலை போர்டுலயே இருக்கு, அதுல யாரும் பேரம் பேச முடியாது. கடைக்காரருக்குக் காசு நிக்கிற இடம் செய்கூலி. வாங்குறவங்க கையைக் கடிக்கிற இடம் சேதாரம். நாலாவது வரைக்கும் படிச்ச பாட்டிக்குக்கூட இந்தக் கணக்கு அத்துப்படி.

அதே ரெண்டு கேள்வியை ஒரு நாடு போடுற கனிம ஒப்பந்தத்தைப் பார்த்துக் கேட்கணும். இன்னைக்கு நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். முக்கியக் கனிமங்கள், வெளிநாட்டுக் கூட்டணி, தனியார் முதலீடு, சப்ளை செயின்னு டிவி விவாதத்துல பெரிய பெரிய வார்த்தையா விழும்போது சேனலை மாத்திடாதீங்க. அதுக்குள்ள இருக்கிறது நம்ம கன்னியாகுமரி கடற்கரை, நம்ம மதுரை மலை, நம்ம ஓசூர் தொழிற்சாலை.

இப்ப ஏன் இந்தப் பேச்சு?

2025 ஏப்ரல் 4. அமெரிக்கா போட்ட வரிக்குப் பதிலடியா சீனா ஒரு அறிவிப்பு விட்டது. சமாரியம், டெர்பியம், டிஸ்புரோசியம் உள்ளிட்ட ஏழு அரிய மண் தனிமங்கள், அவற்றால் செய்யப்படும் காந்தங்கள் எல்லாத்துக்கும் இனிமே ஏற்றுமதி உரிமம் வேணும். கெமிஸ்ட்ரி புத்தகத்துல பீரியாடிக் டேபிளுக்குக் கீழே தனியா ரெண்டு வரிசை ஒதுக்கி வச்சிருப்பாங்களே, ஞாபகம் இருக்கா? பரீட்சைக்கு வராதுன்னு நாம தாண்டிப் போன அந்த வரிசைதான் உலகத்தையே நிறுத்தி வச்சது.

சண்டை வாஷிங்டனுக்கும் பெய்ஜிங்குக்கும். அடி விழுந்தது நம்ம நாட்டு வாகனத் தொழிற்சாலைகள்ல. ஒரு மின்சார ஸ்கூட்டர் மோட்டாருக்குள்ள இருக்கிற நியோடிமியம் காந்தத்தோட எடை ரொம்பக் குறைச்சல். ஆனா அது வரலைன்னா சேசிஸ், பேட்டரி, சீட்டு எல்லாம் தயாரா இருந்தும் வண்டி ஷெட்டை விட்டு வெளியே போகாது. காந்தம் கிடைக்காம மின்வாகன உற்பத்தியே நிக்கலாம்னு பஜாஜ் ஆட்டோ வெளிப்படையா எச்சரிச்சது. அடையாறு சிக்னல்ல உங்க பக்கத்துல நிக்கிற டெலிவரி தம்பி அடுத்த வருஷம் என்ன விலைக்கு வண்டி வாங்குவான்ங்கிறது, அவன் பார்க்காத ஒரு நாட்டோட உரிமத்தாள்ல தொங்குது.

அரிய மண்ணைச் சுத்திகரிச்சுப் பிரிக்கிற வேலையில உலகத்துல சுமார் 90 சதவீதம் சீனா கையில இருக்கு. காந்தத்துலயும் கிட்டத்தட்ட அதே நிலைமைதான்.

இதுக்கு நடுவுல நமக்கு ஒரு கேள்வி வரணும். இந்தத் தனிமங்கள் நம்மகிட்ட இல்லையா?

இருக்கு. அணுசக்தித் துறையோட கணக்குப்படி இந்தியாவுல சுமார் 1.3 கோடி டன் மோனசைட் இருக்கு. ஆந்திரா, ஒடிசா, தமிழ்நாடு, கேரளா கடற்கரை மணல்லதான் அதுல பெரும்பகுதி. அப்புறம் ஏன் கையேந்தி நிக்கிறோம்? அதுக்கு மணல்லேர்ந்து மோட்டார் வரைக்கும் என்ன நடக்குதுன்னு பார்க்கணும். நான் இன்ஜினியரிங் படிச்சவன், படிப்படியா சொன்னாதான் எனக்கே நிம்மதி.

மணல்லேர்ந்து மோட்டார் வரை: ஆறு படி

முதல் படி: கடற்கரை மணலை அள்ளி, அதுலேர்ந்து இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட்னு தனித்தனியா பிரிக்கிறது. இது கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில நடக்குது. ஐ.ஆர்.இ.எல். என்கிற பொதுத்துறை நிறுவனம் செய்யுது.

ரெண்டாம் படி: மோனசைட்டை வேதியியல் முறையில உடைச்சு, தோரியத்தைத் தனியா எடுத்துட்டு, அரிய மண் கலவையா மாத்துறது. இது ஒடிசாவுல சத்ரபூர்ல.

மூணாம் படி: அந்தக் கலவையிலேர்ந்து ஒவ்வொரு தனிமத்தையும் பிரிக்கிறது. இதுதான் கஷ்டம். இந்தத் தனிமங்கள் ஒட்டிப் பிறந்த இரட்டையர் மாதிரி, வேதியியல் குணத்துல வித்தியாசமே தெரியாது. மயிலாப்பூர்காரங்களுக்கு ஃபில்டர் காபி பாஷையில சொல்றேன். முதல் டிகாஷன், ரெண்டாம் டிகாஷன்னு இறக்குற மாதிரி, நூற்றுக்கணக்கான தடவை கரைசல் மாத்தி மாத்தி இறக்கினாதான் ஒண்ணு சுத்தமா கிடைக்கும். கேரளா ஆலுவாவுல, ஆந்திராவுல விசாகப்பட்டினத்துல கொஞ்சம் நடக்குது.

நாலாம் படி: கிடைச்ச ஆக்சைடை உலோகமாக்குறது. அஞ்சாம் படி: உலோகக் கலவையைப் பொடியாக்கி, அழுத்தி, உலையில சுட்டு, காந்தமாக்குறது. இந்த ரெண்டுலயும் நாம ரொம்பச் சின்ன அளவுலதான் இருக்கோம். விசாகப்பட்டினத்துல 2023-ல் திறந்த சமாரியம் கோபால்ட் காந்த ஆலையோட திறன் வருஷத்துக்கு 3,000 கிலோ. டன் கிடையாது, கிலோ.

ஆறாம் படி: காந்தத்தை வச்சு மோட்டார், வண்டி செய்யறது. ஓசூர், கிருஷ்ணகிரி, ஒரகடம். இந்தியாவோட மின்சார இருசக்கர வாகனத் தொழில்ல தமிழ்நாட்டோட பங்கு எவ்வளவு பெருசுன்னு உங்களுக்கே தெரியும்.

கவனிச்சீங்களா? முதல் படியும் கடைசிப் படியும் தமிழ்நாட்டுக்குள்ள இருக்கு. நடுவுல இருக்கிற நாலு படியும் வெளியே இருக்கு, அதுலயும் பெரும்பகுதி கடல் தாண்டி. மணல் நம்ம வாசல்லேர்ந்து கிளம்புது, உலகத்தைச் சுத்தி, காந்தமா நம்ம வாசலுக்கே விலை ஏறி வருது. செய்கூலி முழுக்க நடுவுல இருக்கிறவன் வாங்கிக்கிறான். சேதாரம்? தோண்டின கரை, கழிவு, ஊர்க்காரனோட பயம், இது மூணும் முதல் படியிலயே தங்கிடுது.

இது இன்னைக்கு ஆரம்பிச்ச கதை இல்லை

1909-ல் ஷோம்பெர்க்னு ஒரு ஜெர்மானிய வேதியியலாளர். திருவிதாங்கூர்லேர்ந்து ஏற்றுமதியான கயிற்று நார்ல ஒட்டியிருந்த மணல்ல மோனசைட் இருக்கிறதைக் கண்டுபிடிச்சு, தேடிக்கிட்டு மணவாளக்குறிச்சிக்கே வந்தார். அப்ப காஸ் விளக்கோட மேண்டிலுக்குத் தோரியம் வேணும். ரெண்டு வருஷத்துல ஆலை வந்துடுச்சு. ஐரோப்பாவோட தெரு விளக்கு நம்ம கடற்கரை மணல்ல எரிஞ்சது. முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மானியர் கையிலிருந்து பிரிட்டிஷார் கைக்குப் போச்சு. நம்ம கைக்கு வரலை.

1947-ல் இதே மோனசைட்டை வச்சு பிரிட்டனோட பேரம் பேசினவர் திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர். ஆழ்வார்பேட்டையில சி.பி. ராமசாமி சாலையில தினமும் போறோமே, அவர்தான். திருவிதாங்கூர் தனி நாடா நிக்கும்னு அவர் சொன்ன நாட்கள்ல, அந்தத் தைரியத்துக்குப் பின்னாடி இந்த மணலும் இருந்தது. ஒரு கைப்பிடி மணலுக்கு அவ்வளவு அரசியல் கனம்.

அதுக்கப்புறம் நடந்ததைத்தான் இளைஞர்கள் தெரிஞ்சுக்கணும். 1950-ல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் உருவாச்சு. பிரெஞ்சு நிறுவனத்தோட தொழில்நுட்ப ஒத்துழைப்புல 1952-ல் ஆலுவாவுல மோனசைட் ஆலை வந்தது. 1951-ல் நாட்டுல உணவுப் பஞ்சம், அமெரிக்காகிட்ட கோதுமைக் கடன் கேட்டு நின்ன நேரம். அப்ப மோனசைட் ஏற்றுமதிக்கு இந்தியா போட்டிருந்த தடையைத் தளர்த்தணும்னு அமெரிக்கத் தரப்புல அழுத்தம் வந்தது. நேரு ஒத்துக்கலை. பசியோட இருந்த நாடு, மணலை அப்படியே தூக்கிக் கொடுக்க மாட்டேன்னு சொன்னது. அதே நாடு, தொழில்நுட்பத்தோட வந்த பிரெஞ்சுக்காரனைக் கூப்பிட்டு உட்கார வச்சது.

இந்த ரெண்டு முடிவையும் சேர்த்துப் பாருங்க. வெளிநாட்டுக் கூட்டணி தப்புன்னு யாரும் சொல்லலை. வந்தவன் எதைக் கொண்டு வர்றான், எதை எடுத்துட்டுப் போறான்னு பார்த்துக் கதவைத் திறந்தாங்க.

அப்புறம் எங்க விட்டோம்?

விலையில விட்டோம். 1980-களுக்குப் பிறகு சீனா குறைஞ்ச விலைக்கு அரிய மண்ணைக் கொட்ட ஆரம்பிச்சது. நம்ம ஆலையால அந்த விலைக்கு ஈடுகொடுக்க முடியலை, 2000-களோட தொடக்கத்துல மோனசைட் பதப்படுத்துறதே நின்னு போச்சு. நாம மட்டும் ஏமாறலை. அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ் உருவாக்கின மேக்னகுவென்ச் காந்த நிறுவனம் 1995-ல் சீன நிறுவனங்கள் அடங்கிய குழுவுக்கு விற்கப்பட்டது. சில வருஷத்துல இண்டியானாவுல இருந்த தொழிற்சாலை மூடி, வேலை சீனாவுக்குப் போச்சு. கலிஃபோர்னியாவுல மவுண்டன் பாஸ் சுரங்கத்தை நடத்தின மோலிகார்ப் 2015-ல் திவால். தனியார் முதலீடு மட்டும் இருந்தா எல்லாம் தானா நடக்கும்னு சொல்றவங்ககிட்ட இந்த ரெண்டு பேரைச் சொல்லுங்க.

சரி, யார் தப்பிச்சாங்க? ஜப்பான். 2010-ல் கடல் எல்லைத் தகராறுல சீனா ஜப்பானுக்கு அரிய மண் அனுப்புறதை நிறுத்தினப்போ அவங்க அலறினாங்க. ஆனா சும்மா இருக்கலை. 2011-ல் ஆஸ்திரேலியாவோட லைனாஸ் நிறுவனத்துக்கு ஜப்பான் அரசு அமைப்பும் சோஜிட்ஸ் என்ற தனியார் நிறுவனமும் சேர்ந்து 25 கோடி டாலர் கொடுத்தாங்க. விலை விழுந்த வருஷங்கள்லயும் அந்த நிறுவனத்தைக் கைவிடலை. சீனாவை நம்பியிருந்தது சுமார் 90 சதவீதத்துலேர்ந்து 60 சதவீதம் அளவுக்குக் குறைஞ்சது. அமெரிக்காவும் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டு 2025 ஜூலையில அதே வழிக்கு வந்தது. எம்.பி. மெட்டீரியல்ஸ் என்ற தனியார் நிறுவனத்துல அவங்க ராணுவத் துறையே 40 கோடி டாலர் போட்டு, நியோடிமியம் பிரசியோடிமியத்துக்குக் கிலோ 110 டாலர்னு பத்து வருஷத்துக்குக் குறைந்தபட்ச விலை உறுதி கொடுத்தது. நம்ம விவசாயி கேட்கிற குறைந்தபட்ச ஆதரவு விலை இருக்கே, அதேதான். விவசாயி கேட்டா மானியம்னு சொல்வாங்க, காந்தத்துக்குக் கொடுத்தா ராஜதந்திரம்னு சொல்வாங்க.

அதே ஜப்பான் நம்மகிட்டயும் வந்தது. 2012 ஒப்பந்தப்படி ஐ.ஆர்.இ.எல். கொடுக்கிற கலவையை டொயோட்டா சூஷோவோட நிறுவனம் விசாகப்பட்டினத்துல பிரிச்சு ஜப்பானுக்கு அனுப்புச்சு. மூணாம் படி இங்க வந்தது, நல்லது. நாலும் அஞ்சும் ஜப்பான்லயே இருந்தது. 2025 ஜூன்ல அந்த ஏற்றுமதியை நிறுத்தச் சொல்லி ஒன்றிய அரசு ஐ.ஆர்.இ.எல்-கிட்ட கேட்டதா ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. 13 வருஷம் கழிச்சு நமக்கே தேவைன்னு தெரிஞ்சது. அந்த 13 வருஷத்துல அடுத்த ரெண்டு படியையும் கட்டியிருக்கலாம்.

இப்ப என்ன நடக்குது?

நியாயமா பேசணும்னா, டெல்லி தூங்கலை. 2023-ல் 30 முக்கியக் கனிமங்களோட பட்டியல். அதே வருஷம் அமெரிக்கா தலைமையிலான கனிமப் பாதுகாப்புக் கூட்டணியில சேர்ந்தோம். 2024 ஜனவரியில அர்ஜென்டினாவோட கட்டமார்க்கா மாகாணத்துல அஞ்சு லித்தியம் பிளாக்குகளுக்கு நம்ம பொதுத்துறைக் கூட்டு நிறுவனமான காபில் ஒப்பந்தம் போட்டது. 2025 ஜனவரியில 16,300 கோடி ரூபாய்ல தேசிய முக்கியக் கனிம இயக்கம். ஜூலையில குவாட் நாடுகளோட கனிமக் கூட்டு முயற்சி. நவம்பர்ல வருஷத்துக்கு 6,000 டன் காந்தம் செய்ய 7,280 கோடி ரூபாய் திட்டம். 2026 பட்ஜெட்ல ஒடிசா, கேரளா, ஆந்திரா, தமிழ்நாடு நாலு மாநிலத்துலயும் அரிய மண் வழித்தடம்னு அறிவிப்பு.

பேப்பர்ல நல்லாதான் இருக்கு. இப்ப ஒரு சின்ன கணக்கு போடுவோம், மொபைலை எடுங்க. இந்த வகைக் காந்தத்தோட எடையில ஏறக்குறைய 30 சதவீதம் அரிய மண் உலோகம். அப்ப 6,000 டன் காந்தத்துக்கு சுமார் 1,800 டன் வேணும். 2024-ல் இந்தியாவோட மொத்த அரிய மண் உற்பத்தி சுமார் 2,900 டன். அதுல காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியமும் பிரசியோடிமியமும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 600 டன் பக்கம். தேவைக்கும் கையிருப்புக்கும் மூணு மடங்கு இடைவெளி. டிஸ்புரோசியம், டெர்பியம் மாதிரி கனமான தனிமங்கள் நம்ம கடற்கரை மோனசைட்ல ரொம்பக் கம்மி. அதுக்கு வெளிநாட்டுக் கூட்டணி இல்லாம முடியாது.

அந்த மூணு மடங்கை எங்கிருந்து நிரப்புவாங்க? ஒண்ணு இறக்குமதி. இல்லைன்னா இன்னும் அதிகமா மணல் தோண்டணும். தோண்டணும்னா எங்க? இங்கதான் விஷயம் நம்ம வீட்டு வாசலுக்கு வருது.

கேட்காம எடுத்தா என்ன ஆகும்?

கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்துல சுமார் 1,144 ஹெக்டேர்ல மணல் எடுக்க ஐ.ஆர்.இ.எல். திட்டம் வச்சிருக்கு. கடலோர ஊர் மக்களும் மீனவர்களும் எதிர்க்கிறாங்க. 2024 அக்டோபர்ல நடக்க இருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்பால தள்ளிப் போச்சு. அவங்க ஏன் நம்ப மறுக்கிறாங்க? ஏன்னா அந்தக் கரையோரம் ஏற்கனவே சூடு பட்டிருக்கு. தென்மாவட்டக் கடற்கரையில தனியார் தாது மணல் அள்ளுறதை 2013-ல் தமிழ்நாடு அரசே நிறுத்த வேண்டி வந்தது. அந்த வழக்குல 2025 பிப்ரவரியில சென்னை உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டு, 5,800 கோடி ரூபாய்க்கு மேல வசூலிக்கச் சொல்லுச்சு. ஒரு துறைமுகமே கட்டக்கூடிய காசு அது.

இன்னொரு பக்கம் மதுரை. மேலூர் பக்கம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பிளாக், சுமார் 2,015 ஹெக்டேர். 2024 நவம்பர்ல இந்துஸ்தான் ஜிங்க் ஏலத்துல ஜெயிச்சதுன்னு அறிவிப்பு வந்தப்புறம்தான் ஊர் மக்களுக்கே விஷயம் தெரியும். அதுக்குள்ள அரிட்டாபட்டி இருக்கு. தமிழி கல்வெட்டு, சமணர் படுக்கை, குடைவரைக் கோயில், 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அறிவிச்ச மலை. சட்டமன்றத்துல தீர்மானம். மேலூர்லேர்ந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கான மக்கள் பேரணி. 2025 ஜனவரி 23 அன்னைக்கு ஏலம் ரத்து.

இதுலேர்ந்து டெல்லி என்ன பாடம் கத்துக்கிட்டிருக்கணும்? முதல்லயே ஊரைக் கேட்கணும்னு. நடந்தது என்ன? 2025 செப்டம்பர் 8 தேதியிட்ட ஒரு அலுவலகக் குறிப்பு மூலமா, அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்கும் சுரங்கம் தோண்ட மக்கள் கருத்துக்கேட்பே தேவையில்லைன்னு ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்கு கொடுத்தது. நாடாளுமன்றத்துல விவாதம் கிடையாது, ஒரு குறிப்பு, அவ்வளவுதான். தேசப் பாதுகாப்புன்னு காரணம் சொல்றாங்க. இணையம்னு பேரு வச்ச ஊர் அங்க இருக்கு, இணையம் புத்தன்துறை. அந்த ஊர் மீனவரும் இந்த தேசத்துலதானே இருக்கார்?

"கேட்டுக்கிட்டு உட்கார்ந்தா வேலை நடக்காது, சீனா முந்திடும்"னு கமெண்ட்ல வந்து சொல்வாங்க. அவங்களுக்கு மலேசியாவைக் காட்டுங்க. நம்ம தமிழர்கள் நிறைய பேர் வாழுற ஈப்போ பக்கத்துல புக்கிட் மேரா. 1980-கள்ல அங்க மோனசைட்லேர்ந்து அரிய மண் பிரிக்கிற ஆலை, ஜப்பானோட மிட்சுபிஷி பங்குதாரர். கதிரியக்கக் கழிவைக் கையாண்ட விதத்தை எதிர்த்து ஊர் மக்கள் 1985-ல் கோர்ட்டுக்குப் போனாங்க. வழக்கு வருஷக்கணக்கா இழுத்து, 1994-ல் ஆலை மூடல். அந்த இடத்தைச் சுத்தம் பண்ண சுமார் 10 கோடி டாலர் செலவு. அதே நாட்டுல பின்னாடி குவாந்தான்ல லைனாஸ் ஆலை வந்தப்போ மக்கள் தெருவுக்கு வந்தாங்க. கழிவுக்கு நிரந்தரக் கிடங்கு கட்டணும், கதிரியக்கம் வர்ற படியை வெளியே கொண்டு போகணும்னு அரசு நிபந்தனை போட்டது. ஊரைக் கேட்காம மிச்சம் பிடிச்ச ஒரு வருஷம், பின்னாடி பத்து வருஷமா திரும்பி வந்து நிக்கும். முதலீட்டாளருக்கும் இது நஷ்டம்தான்.

ஒரு எச்சரிக்கை, நம்ம பசங்களுக்கு மட்டும்

கதிர்வீச்சு பத்தி வாட்ஸ்அப்ல வர்ற எல்லாத்தையும் ஃபார்வர்டு பண்ணாதீங்க. அந்தக் கரையில மோனசைட்டால இயற்கையாவே கதிர்வீச்சு அதிகம், அது உண்மை. கேரளா கருநாகப்பள்ளியில பல வருஷம் நடந்த ஆய்வு, அந்த இயற்கைக் கதிர்வீச்சால புற்றுநோய் கூடினதா காட்டலை. அதையும் சொல்லுங்க. ஆனா அது மணல் தன்பாட்டுக்குக் கிடக்கும்போது. தோண்டி, பிரிச்சு, தோரியத்தைச் சேமிக்கும்போது ஊர்ல அளவு எவ்வளவு, யார் அளக்கிறா, முடிவு எந்தப் பலகையில ஒட்டுறாங்கன்னு கேட்கிறது வேற கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் வாங்குறது நம்ம வேலை. பொய்யான ஒரு போட்டோ போதும், எதிரி நம்ம மொத்த வாதத்தையும் குப்பையில தள்ளிடுவான்.

அப்ப நம்ம நிலைப்பாடு என்ன?

தனியார் பணம் வேணும். வெளிநாட்டுக் கூட்டணியும் வேணும். அந்தப் பணம் மண்வெட்டியோட வரக் கூடாது, உலையோட வரணும். தோண்டுற முதல் படியில தனியாருக்கு இடம் கொடுத்து என்ன ஆச்சுன்னு பார்த்துட்டோம். பணமும் தொழில்நுட்பமும் பஞ்சமா இருக்கிற மூணு, நாலு, அஞ்சாம் படிக்கு வரட்டும், தாம்பூலம் வச்சு வரவேற்போம்.

எந்தக் கட்சி ஆட்சியில, எந்த நாட்டோட, எந்த நிறுவனத்தோட புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டாலும் இந்த அஞ்சு கேள்வியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டு கேளுங்க.

1. ஆறு படியில எத்தனை படி இங்க நடக்கும்? மணலும் ஆக்சைடும் மட்டும் போனா செய்கூலி போச்சுன்னு அர்த்தம்.

2. தொழில்நுட்பம் யார் கையில தங்கும்? ஒப்பந்தம் முடிஞ்ச மறுநாள் நம்ம பொறியாளர் தனியா அந்த உலையை ஓட்டுவாரா? ஆள் இல்லைன்னு சொல்ல முடியாது. கிண்டியில அண்ணா பல்கலைக்கழகம், ஐஐடி மெட்ராஸ், தரமணி ஆராய்ச்சிப் பூங்காவுல வாகன ஆற்றல் பொருட்களுக்கான அரசு ஆய்வு மையம், கல்பாக்கத்துல அணு ஆராய்ச்சி, காரைக்குடியில மின்வேதியியல் ஆய்வகம். காரைக்குடி ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தவர் அழகப்ப செட்டியார். தனியார் பணம் எங்க போகணும்னு அவர் அப்பவே காட்டிட்டுப் போயிட்டார்.

3. சீனா திடீர்னு விலையை இறக்கினா யார் தாங்குவாங்க? குறைந்தபட்ச விலை உறுதி இருக்கா? இல்லைன்னா இன்னைக்கு ரிப்பன் வெட்டுற ஆலை அஞ்சு வருஷத்துல பூட்டு.

4. சேதாரம் யார் கணக்குல? தோரியக் கழிவு, கடலரிப்பு, மீன்பிடி இழப்புக்கு வேலை ஆரம்பிக்கும் முன்னாடியே பணம் டெபாசிட் ஆகணும். சுரங்கம் நடக்கிற மாவட்டத்துக்குன்னு மாவட்டக் கனிம அறக்கட்டளை சட்டத்துலயே இருக்கு, அந்தக் காசு எந்த ஊருக்குப் போச்சுன்னு ஆர்.டி.ஐ. போடுங்க. கனிம நிலத்துக்கு வரி போட மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டுன்னு 2024 ஜூலையில உச்ச நீதிமன்றத்தோட ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பு சொல்லியிருக்கு. அந்த உரிமையை விட்டுக்கொடுக்கக் கூடாது.

5. ஊரைக் கேட்டாங்களா? ஏலத்துக்கு முன்னாடி, தமிழ்ல, அந்த ஊர்லயே. செப்டம்பர் 8 குறிப்பு திரும்பப் பெறப்படும் வரைக்கும் இந்தக் கேள்வியை விடாதீங்க. அர்ஜென்டினாவுல நாம லித்தியம் தேடப் போகும்போதும் இதே அளவுகோல்தான். கட்டமார்க்காவுல இருக்கிறவனுக்கும் தண்ணியும் ஊரும் உண்டு.

சென்னையில உட்கார்ந்து என்ன செய்யலாம்?

மூணு வேலை சொல்றேன்.

முதல் வேலை வீட்டுக்குள்ளயே இருக்கு. டிவி ஸ்டாண்டு டிராயரைத் திறங்க. செத்துப் போன ரெண்டு போன், ஒரு ஹெட்செட், பழைய ஹார்டு டிஸ்க் இருக்கும். ஹார்டு டிஸ்க்குக்குள்ள நியோடிமியம் காந்தம், போனுக்குள்ள கோபால்ட், லித்தியம். நாம குப்பைன்னு நினைக்கிறது ஒரு குட்டிச் சுரங்கம். ரிச்சி தெருவுல அதைக் கழட்டத் தெரிஞ்ச கைகள் இருக்கு, ஆனா பாதுகாப்பு இல்லை, முறையான அங்கீகாரம் இல்லை. முக்கியக் கனிம மறுசுழற்சிக்குன்னு 2025 செப்டம்பர்ல 1,500 கோடி ரூபாய் திட்டம் அறிவிச்சிருக்காங்க. அது பெரிய கம்பெனியோட கேட்டுக்குள்ளயே நிக்காம, அந்தக் கைகளுக்கும் பயிற்சியா, உரிமமா போய்ச் சேரணும். இந்தக் கோரிக்கையை வட்டம் வட்டமா எழுப்புவோம். உங்க பழைய சாமானை அங்கீகரிக்கப்பட்ட மறுசுழற்சி மையத்துல கொடுங்க.

ரெண்டாவது, இந்த விஷயத்தை குமரிக்காரன் பிரச்சினை, மேலூர்க்காரன் பிரச்சினைன்னு விடாதீங்க. பட்ஜெட் பேசப்படுறதும், வழக்கு நடக்கிறதும், பத்திரிகையாளர் சந்திப்பு நடக்கிறதும் சென்னையில. அவங்க குரல் இங்க கேட்கணும்னா நம்ம வாய் திறக்கணும்.

மூணாவது, இன்ஜினியரிங் படிக்கிற தம்பி, தங்கச்சிகளுக்கு. எல்லாரும் கோடிங்னு போகாதீங்கன்னு சொல்ல மாட்டேன், நானே லேப்டாப்பைத் தட்டிதான் சாப்பிடுறேன். ஆனா மெட்டலர்ஜி, செராமிக், கெமிக்கல், மைனிங் எடுத்தவங்களைப் பார்த்து "இதுக்கு வேலை கிடைக்குமா"ன்னு சிரிக்கிறதை நிறுத்துங்க. அடுத்த இருபது வருஷத்துக்கு உலகம் தேடப் போற ஆள் அவங்கதான். நாலாம் படியும் அஞ்சாம் படியும் தமிழ்நாட்டுல நிக்கணும்னா நிக்க வைக்கிற கை அவங்களுடையது.

தோழர்களே, 1909-ல் ஒரு வெளிநாட்டுக்காரர் கயிற்று நார்ல ஒட்டியிருந்த மணலைப் பார்த்துக் கேட்ட கேள்வியை நாம கேட்கலை. அதுக்கு அன்னைக்கு நமக்கு அரசும் இல்லை, ஆய்வகமும் இல்லை. இன்னைக்கு ரெண்டும் இருக்கு. ஒப்பந்தம் போடுற மேசையில நகைக்கடைக்கு வந்த நம்ம அம்மா மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து கேட்போம்: செய்கூலி எங்களுக்கு எவ்வளவு? சேதாரம் உங்களுக்கு எவ்வளவு?

பதில் வர்ற வரைக்கும் பில் போடாதீங்க.



உங்க ஊர்ல இது சம்பந்தமா ஏதாவது தெரிஞ்சா கமெண்ட்ல எழுதுங்க, ஆதாரத்தோட எழுதுங்க. அஞ்சு கேள்வியைத் தனி கார்டா அடுத்த பதிவுல போடுறோம். உங்க பகுதி குரூப்ல பகிருங்க.

#செய்கூலிநமக்கு #தாதுமணல் #ஊரைக்கேள்